முறத்தில் காய்ந்த தோட்டா

எனக்குச் சட்டென்று கோபம் வரும். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், நாங்கள் இருந்த தெருவில் என் பட்டப்பேர் ஊசிவெடி. சின்னதாக இருப்பேன், பட்டென்று வெடிப்பேன், அடுத்த நிமிஷம் சிரித்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவளிடம் போய் நாற்பது பொண்ணுங்களையும் பன்னிரண்டு துப்பாக்கிகளையும் ஒப்படைத்தார்கள் என்றால், ஒப்படைத்தவர்களைத்தான் உதைக்க வேண்டும்.

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தவளையை எப்படி அறுப்பது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் என்.சி.சி. பேச்சு. பொண்ணுங்களுக்கும் ஒரு பிரிவு வேண்டும், அதற்கு ஒரு லேடி ஆபீசர் வேண்டும் என்று வந்தபோது, ஸ்டாஃப் ரூமில் இருந்த அத்தனை பேருக்கும் கைக்குழந்தை, மாமியார், ஆஸ்துமா என்று ஏதோ ஒன்று இருந்தது. எனக்கு ஒன்றுமே இல்லை. தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு மாசம் எங்கேயோ அனுப்பி, வெயிலில் நடக்கவிட்டு, தோளில் நட்சத்திரம் குத்தித் திருப்பி அனுப்பினார்கள். நட்சத்திரம் வந்ததே தவிர விஷயம் வரவில்லை.

விஷயம் தெரிந்தவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த ஹவில்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் இருபத்தோரு வருஷம் முடித்து, பென்ஷனுக்கு இன்னும் ஆறு மாசம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே ஒரு பெருமை. பட்டாளத்தில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு சர்வீஸ் புக் உண்டாம். தப்பு செய்தால் அதில் சிவப்பு மையில் எழுதிவிடுவார்களாம். இவர் புக்கில் ஒரு சொட்டு சிவப்பு மை கிடையாது. அப்படி ஒன்றும் இல்லாமல் வெளியே போனால் நடத்தைச் சர்டிபிகேட்டில் "எக்ஸம்ப்ளரி", அதாவது மற்றவர்களுக்கு முன்மாதிரி, என்று ஒரு வார்த்தை போடுவார்கள். அந்த வார்த்தை இருந்தால் அவர் ஊர் பேங்க்கில் காவல் வேலை காத்துக்கொண்டிருக்கிறது. இல்லையென்றால் இல்லை. வீட்டில் மூன்று பொண்ணுங்க, ஒருத்திக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையை அவர் தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். நான் காலையில் மாதாவே என்று சொல்வேனே, அதுபோல.

எங்களிடம் இருந்தவை பாயின்ட் டூ-டூ ரைஃபிள்கள். தோட்டா சுண்டுவிரலின் நுனிக்கணு நீளம்தான் இருக்கும். இத்தனூண்டு சாமானுக்கு அவர் எடுத்த பாடம் இருக்கிறதே, அப்பப்பா! சுடுவதற்குச் சொல்லிக்கொடுத்ததைவிட, சுடாமல் போனால் என்ன செய்வது என்றுதான் ஜாஸ்தி சொல்லிக்கொடுத்தார். விசையை இழுத்து 'டிக்' என்று மட்டும் கேட்டால், வெடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை, இன்னும் வெடிக்கவில்லை என்று அர்த்தம். உள்ளே மருந்து மெதுவாகப் பற்றிக்கொண்டிருக்கலாம். துப்பாக்கியை அசைக்காதே, திருப்பாதே, டார்கெட்டைப் பார்த்தபடியே வைத்துக்கொண்டு இடது கையைத் தூக்கு, மனசுக்குள் முப்பது எண்ணு. அதற்கப்புறம் அவர் வந்து முகத்தை ஒதுக்கிக்கொண்டு, குழலைப் பின்னாலிருந்து அடைக்கிற போல்ட்டைத் திறப்பார். அதைவிடப் பொல்லாதது வேறொன்று என்பார். வழக்கமான 'டப்' இல்லாமல் 'புஸ்' என்று சோர்ந்த சத்தம் வந்தால், குண்டு குழலுக்குள்ளேயே நின்றுபோயிருக்கும். அடுத்த தோட்டாவைத் தொடவே கூடாது. போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கமாகக் கண்ணை வைத்துக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். வெளிச்சம் இல்லையென்றால் அந்தத் துப்பாக்கிக்கு அன்றைக்கு லீவு.

இதையே வாரத்துக்கு ரெண்டு தடவை சொல்வார். நான் பின்னால் நின்று கொட்டாவி விடுவேன். பொண்ணுங்களும் கொட்டாவி விடுவார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒருத்தி மட்டும் குறுக்குக் கேள்வி கேட்பாள். அவள் வாப்பா மலேயாவில் கடை வைத்திருந்தார். வீட்டில் வருகிற சாமானையெல்லாம் பிரித்துப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, மோந்து பார்த்து வாங்கி வைக்கிற பழக்கம் அவளுக்கு. புஸ்ஸுக்கும் டப்புக்கும் எப்படி வித்தியாசம் தெரியும் சார் என்று கேட்டாள். காது சொல்லும்மா, காது சொல்றத கேளு என்றார் அவர். எனக்குச் சிரிப்பாக வந்தது.

அப்புறம் வந்தது ஐப்பசி மழை. சிதம்பரத்தில் மழை என்றால் தெரியுமே, நாலு வீதியும் முழங்கால் தண்ணீர். ஹவில்தார் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு லீவில் போயிருந்தார். ஆயுத அறைச் சாவி என்னிடம். மூன்றாம் நாள் மழை விட்டதும் திறந்து பார்க்கிறேன், ஓட்டுக்கூரையில் ஒழுகி, தோட்டாப் பெட்டிக்கு அடியில் குளம் கட்டி நிற்கிறது. கீழ் வரிசை அட்டை டப்பாக்களெல்லாம் ஊறிக் கூழாகிவிட்டன. ஆபீசராகி நாலு மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் சர்க்கார் சாமானை நனைத்துவிட்டேன் என்று பேர் வருமே!

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். எங்கள் ஓ.டி.யில் கிறிஸ்துமஸுக்குப் பட்டாசு வாங்கினால், கடல் காற்றுக்கும் மார்கழிப் பனிக்கும் எல்லாம் நமுத்துப்போய்விடும். அதனால் ஒவ்வொரு வீட்டு மாடியிலும் முறம் முறமாகப் பட்டாசு காயும். எங்கள் அப்பா இதில் பெரிய நிபுணர். ஒரு பக்கம் காய்ந்ததும் இன்னொரு பக்கம் திருப்பிவிடுவார். தோட்டா என்றால் என்ன, அதிலும் மருந்துதானே, பித்தளைச் சட்டை போட்ட பட்டாசு, அவ்வளவுதானே என்று என் விலங்கியல் மூளைக்குத் தோன்றியது. அதோடு, மருந்தைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்கிற திமிரும் இருந்தது.

கல்லூரி ஹாஸ்டலில்தான் நானும் தங்கியிருந்தேன். ஈரத் தோட்டாக்களை ஒரு துணிப்பையில் போட்டு மாடிக்குக் கொண்டுபோனேன். சமையல்கார அம்மாவிடம் முறம் கேட்டேன். என்னத்துக்கும்மா என்றார்கள். ஆபீஸ் சாமான் என்றேன். கோடையில் கூழ் வடாம் காயப்போட்ட ரெண்டு முறத்தைத் தட்டிக் கொடுத்தார்கள். நல்லவேளையாக ரெண்டு நாள் சுள்ளென்று வெயில் அடித்தது. பளபளவென்று இருந்ததைப் பார்த்து காக்காய்கள் வந்துவிட்டன. லீவு நாளில் ஒரு காக்கிச் சட்டை ஆபீசர், குடையைப் பிடித்துக்கொண்டு, முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் அப்பா செய்வதுபோலவே எல்லாவற்றையும் திருப்பியும் விட்டேன். வெயிலில் குண்டின் மேல் பூசியிருந்த மெழுகு கொஞ்சம் உருகிப் பிசுபிசுத்தது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, அறையில் கிடந்த பழைய காலி டப்பாக்களில் போட்டு, பெட்டியில் நல்ல டப்பாக்களோடு அடுக்கிவிட்டேன். ஹவில்தார் திரும்பி வந்து, மழைத்தண்ணி ஏதாவது உள்ள வந்துச்சா மேடம் என்று கேட்டார். லேசா வந்துச்சு, துடைச்சிட்டேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பொங்கல் முடிந்து ரெண்டாவது வாரம் சுடுகிற நாள் வந்தது. கடலூரில் கேப்பர் மலைச் செம்மண் மேட்டை ஒட்டி ஒரு ரேஞ்ச் இருந்தது. விடிந்ததும் லாரியில் கிளம்பினோம். பொண்ணுங்க வழியெல்லாம் பாட்டு. ஆலப்பாக்கம் தாண்டும்போது ஒருத்தி பாடின பாட்டுக்கு டிரைவர் லாரியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நானும் குஷியாகத்தான் இருந்தேன். ஹவில்தார் மட்டும் முடிவெட்டி, பூட்ஸ் துடைத்து, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பார்க்க வரப்போகிறவர் கடலூர் என்.சி.சி. அலுவலகத்து மேஜர். ஹவில்தாரின் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடப்போகிறவரும் அவர்தான். இன்னிக்கு நல்லபடியா முடிஞ்சா அப்புறம் எனக்கு ரேஞ்சே கெடையாது மேடம், இதான் கடைசி என்றார்.

முதல் அஞ்சு பேர் சுடுவதற்குக் குப்புறப் படுத்தார்கள். சிவப்புக் கொடி ஏறியது. டப், டப் என்று போய்க்கொண்டிருந்தது, நடுவில் ஒரு 'டிக்'. ஒருத்தி கை தூக்கினாள். எல்லாரும் நிறுத்தி, முப்பது எண்ணி, ஹவில்தார் போல்ட்டைத் திறந்து, சுடாத தோட்டாவை எடுத்துத் தனியாக ஒரு தகரத்தில் வைத்தார். அடுத்த சுற்றில் இன்னொரு 'டிக்'. அப்புறம் ஒரே சமயத்தில் ரெண்டு. பின்னால் காத்திருந்த பொண்ணுங்க, நமுத்துப்போச்சுடி என்று கிசுகிசுத்துச் சிரித்தார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் என் உச்சந்தலையில் யாரோ தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. முறம் புரிந்துவிட்டது, காக்காய் புரிந்துவிட்டது, எல்லாமே புரிந்துவிட்டது.

அப்போதே நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. வெட்கம். மேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எப்படியாவது இந்த டப்பாக்கள் தீர்ந்துவிட்டால் போதும், விஷயம் மண்ணோடு மண்ணாகப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

அடுத்த அஞ்சு பேரில் பரங்கிப்பேட்டைப் பொண்ணு இருந்தாள். எங்களில் அவள்தான் நன்றாகச் சுடுவாள். ரெண்டு சுட்டாள், ரெண்டும் நடுவில். மூன்றாவதுக்கு 'புஸ்' என்றது. டார்கெட்டில் புது ஓட்டை இல்லை. அவள் அசையாமல் கையைத் தூக்கினாள். ஹவில்தார் அந்தக் கோடியில் வேறொரு 'டிக்'கோடு குனிந்திருந்தார். நான் விறுவிறுவென்று அவளிடம் போனேன். என்ன கை தூக்குற, சுட்டாச்சு, குறி தப்பிடுச்சு, அடுத்ததைப் போட்டுச் சுடு என்றேன்.

"இல்ல மேடம்."

என்ன இல்ல மேடம்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. மேஜர் பார்க்கிறார், முப்பத்தொன்பது பொண்ணுங்க பார்க்கிறார்கள், நான் சொல்கிறேன், இவள் இல்லை என்கிறாள். இது ஆர்டர், சுடு என்று கத்தினேன். அவள் விசையிலிருந்து விரலை எடுத்தாள். துப்பாக்கி டார்கெட்டைப் பார்த்தபடியே இருந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

"சத்தம் சரியில்ல மேடம். நான் சுட மாட்டேன்."

உன்னை என்.சி.சி.யை விட்டே தூக்குகிறேன் பார் என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் ஹவில்தார் வந்து பக்கத்தில் மண்டி போட்டுவிட்டார். போல்ட்டைக் கழற்றினார். பின்பக்கமாகக் குழலுக்குள் பார்த்தார். நிமிர்ந்து, நீங்களே பாருங்க மேடம் என்றார். நானும் பார்த்தேன். நல்ல வெயில், எதிரே வெள்ளையாக டார்கெட், ஆனால் குழலுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. சுத்தம் செய்கிற கம்பியை விட்டார், ஒரு முழம் போய் நின்றது. குண்டு அங்கேயே குந்திக்கொண்டிருந்தது. இதுக்கு மேல இன்னொண்ணு சுட்டிருந்தா குழாய் கிழிஞ்சிருக்கும் என்று சொல்லி, அந்தப் பொண்ணின் முகத்தைப் பார்த்தார். அவள் கன்னம் அந்தக் குழலுக்கு எவ்வளவு கிட்டே இருந்தது என்று பார்த்தேன். மாதாவே, நான் ரெண்டு தடவை சொன்னேனே, சுடு சுடு என்று.

மேஜர் கொடியை இறக்கச் சொன்னார். எல்லாத் துப்பாக்கியும் காலி செய்து வைக்கப்பட்டது. தோட்டா டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, இது யார் பொறுப்பில் இருந்தது என்று கேட்டார். ஹவில்தார் டப்பாவிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன், அதனால் எனக்கும் தெரிந்தது. குண்டின் மெழுகில் ஒரு சீரகம் ஒட்டியிருந்தது. வடாத்துச் சீரகம். முறத்துப் பின்னலில் தங்கியிருந்தது, உருகின மெழுகில் ஒட்டிக்கொண்டு கேப்பர் மலை வரைக்கும் வந்துவிட்டது. ஹவில்தார் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் சீரகத்தைச் சுரண்டிக் கீழே விட்டுவிட்டு, குதிகால் சேர்த்து விறைப்பாக நின்றார்.

"என் பொறுப்பு சார்."

மேஜர் நோட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். அது நீல மையா சிவப்பு மையா என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சிவப்பாகத்தான் தெரிந்தது. இருபத்தோரு வருஷம், மூன்று பொண்ணுங்க, பேங்க் வேலை, எல்லாம் அந்தப் பேனா முனையில் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இன்னும் அரை நிமிஷம் நின்றிருந்தால் போதும், என் பேர் தப்பியிருக்கும். அந்த அரை நிமிஷம் நான் அப்படி நிற்கவில்லை என்பதுதான் என் ஆயுசில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

நான்தான் சார் என்றேன். ஒழுகினது, நனைந்தது, இவர் லீவில் இருந்தது, திரும்பி வந்து கேட்டதற்கு நான் பொய் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டினேன். நனைந்ததை என்ன செய்தீர்கள் என்று மேஜர் கேட்டார். மாடியில் காயப்போட்டேன் என்றேன். எதில் என்றார். முறத்தில் என்றேன். எத்தனை நாள் என்றார்.

"ரெண்டு நாள் சார். காக்கா தூக்கிட்டுப் போகாம நானே காவல் இருந்தேன்."

பின்னால் நாற்பது பொண்ணுங்களும் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. மேஜர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் கொஞ்சம் ஆடின மாதிரி இருந்தது, சத்தியமாகச் சொல்ல முடியாது. திரும்பினபோது முகத்தில் சிரிப்பு இல்லை. நனைந்த தோட்டாவைத் தனியாக எடுத்து வைத்து, நனைந்தது என்று சீட்டு எழுதித் திருப்பி அனுப்பியிருந்தால் உங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள், வெளியே காய்ந்தால் உள்ளே மருந்து காய்ந்ததாக அர்த்தமா, நல்லதோடு கலந்தீர்களே, இப்போது எது நல்லது எது கெட்டது என்று யார் சொல்வது என்று கேட்டார். அத்தனை டப்பாவையும் திருப்பி அனுப்பச் சொன்னார். நடந்ததை என் கையாலேயே எழுதித்தரச் சொன்னார். ஒரு வருஷம் ரேஞ்ச் பக்கம் தலைகாட்டக்கூடாது என்றார். கல்லூரிக்கு ஒரு கடிதமும் போனது. எல்லாவற்றுக்கும் எஸ் சார் போட்டேன். வேறென்ன செய்ய?

திரும்பும்போது லாரியில் பாட்டு இல்லை. நான் போய்ப் பரங்கிப்பேட்டைப் பொண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்பு கேட்டு எனக்குப் பழக்கமில்லை. என் பேச்சைக் கேட்காமல் இருக்க உனக்கு எங்கேயிருந்து தைரியம் வந்தது என்று மட்டும் கேட்டேன்.

"நீங்க ஆபீசர்தான் மேடம். ஆனா கண்ணு என்னுதாச்சே."

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பதறிப்போய், அய்யோ மேடம், உங்கள குத்தம் சொல்லலியே என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன். ஆலப்பாக்கத்தில் யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள். பாட்டில் எங்கெங்கே முடியுமோ அங்கெல்லாம் முறத்தையும் காக்காயையும் நுழைத்துவிட்டார்கள். நானும் சேர்ந்து பாடினேன்.

சீரகத்தைப் பற்றி நானும் ஹவில்தாரும் ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை. முன்போலவே வகுப்பெடுத்தார். ஒரே ஒரு வித்தியாசம், இப்போது நான் முன்வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் கிளம்பின நாள் சாயங்காலம் சிதம்பரம் ஸ்டேஷனுக்கு நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். சமையல்கார அம்மா ஒரு பெரிய பொட்டலம் வடாம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அவர் அதை மோந்து பார்த்துவிட்டு, இதுல தோட்டா ஒண்ணும் கலக்கலியே மேடம் என்று கேட்டார். பொண்ணுங்க விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வண்டி கிளம்ப அஞ்சு நிமிஷம் இருக்கும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். ஒட்டினது பிரிக்காமல் இருந்தது. நேற்றே கடலூரில் கொடுத்துட்டாங்க, எனக்கு இங்கிலீஷ் கையெழுத்து படிக்க வராது, யார்கிட்டயும் காட்டல என்றார்.

"நீங்கதான் படிக்கணும்னு வெச்சிருந்தேன் மேடம். அந்த வார்த்தை இருக்கா பாருங்க."

பிரித்தேன். பேர், நம்பர், வருஷம் எல்லாம் தாண்டி, கீழே, நடத்தை என்கிற இடத்துக்கு வந்தேன். நீல மை. எக்ஸம்ப்ளரி என்று படித்தேன். இன்னொரு தடவை படிங்க என்றார். படித்தேன். விசில் ஊதிவிட்டது. தாளை மடித்து அவர் கையில் கொடுத்தேன், வண்டி நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்துக் காட்டினார். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் கூடவே ஓடி, அந்த ஒரு வார்த்தையைக் கத்திக்கொண்டே போனேன்.